சிவப்பு அம்பும் ஒரு பருந்துக் குஞ்சும்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஏழே கால் பிள்ளைகள். பெற்றது நான்கு. கொழுந்தனார் போன பிறகு அவருடைய இரண்டு. மகள் ஷூ கம்பெனிக்குப் போவதால் பேத்தி சௌமியா ஒன்று. ஆக ஏழு. மிச்சமுள்ள அந்தக் கால், ஒரே ஒரு நாள் என் வீட்டுக் கூடைக்குள் இருந்த பருந்துக் குஞ்சு. அதை இந்த வரிசையில் சேர்த்தது நான் அல்ல, பக்கத்து வீட்டு ஆபா. "ஏழு வளர்த்தவ நானு" என்று நான் எங்கே யாரிடம் ஆரம்பித்தாலும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "ஏழே கால், அக்கா."

அந்த ஆபாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும். எனக்கு என்ன பஸ்ஸா போய்விடப் போகிறது?

ஆபா என்றால் உருதில் அக்கா. அவர் பெயரை நான் எழுதவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்தவர். அவர் கையைத் தாண்டிப் போன ஷூக்கள் எந்தெந்த நாட்டில் யார் யார் காலிலோ தேய்ந்து போயிருக்கும். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. இதிலும் வேண்டாம்.

நான் அவரை ஆபா என்பேன். அவர் என்னை அக்கா என்பார். இரண்டும் ஒன்றுதான். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை. அவருடைய ஆதாரில் ஒரு வருஷம், ரேஷன் கார்டில் வேறு வருஷம். கேட்டால், "ரெண்டுமே ரிஜெக்ட்" என்பார்.

அந்தக் கம்பெனியில் எனக்கு ஓரம் மடித்து ஒட்டும் வேலை. தோலின் விளிம்பில் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். லைனில் நாங்கள் முப்பது பெண்கள். கடைசியில், பெரிய வெள்ளை விளக்குக்குக் கீழே ஆபாவின் டேபிள். அவர் கையில் ஒரு ஸ்டிக்கர் ரோல் இருக்கும். ஒவ்வொரு ஸ்டிக்கரும் சுண்டுவிரல் நகம் அளவு, சிவப்பு அம்பு. ஷூவில் எங்கே தப்போ அங்கே அம்பின் நுனி நிற்கும்படி ஒட்டுவார். அது அப்படியே எந்தக் கை அந்த வேலையைச் செய்ததோ அந்தக் கைக்குத் திரும்பி வரும். அவள் சரி செய்து அனுப்பினால், ஆபா மறுபடி பார்த்து அம்பை உரித்து எடுப்பார். ஒட்டினவர்தான் எடுக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. லைனுக்கு அதுதான் சட்டம்.

சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே நாளில் ஒன்பது அம்பு வந்தது. எழுந்து போய் டேபிள் முன்னால் நின்றேன்.

"இதுல இன்னா தப்பு? கண்ணுக்கே தெரியலையே."

"அம்பு நுனிய பாருங்க அக்கா."

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

"இன்னொரு தடவ பாருங்க."

மூன்றாம் தடவை தெரிந்தது. மடிப்பில் ஒரு மயிரிழை அளவு பசை வழிந்திருந்தது. "அத நீங்களே ஒரு துடை துடைச்சா போச்சு. கைலதான துணி இருக்குது? எதுக்கு என் வரைக்கும் அனுப்புறீங்க?" என்றேன்.

"காட்டுறது என் வேல. திருத்துறது உங்க வேல. நான் துடைச்சா நாளைக்கும் வழியும்."

எனக்கு வந்ததே கோபம். ஆனால் மறுநாளிலிருந்து வழியவில்லை.

ஒரு முறை புது சூப்பர்வைசர் ஒருவர், லாரி வாசலில் நிற்கிறது என்று அவசரப்பட்டு, ஆபா டேபிளிலிருந்த நான்கு ஜோடிகளின் அம்புகளைத் தானே உரித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். ஆபா ரோலை எடுத்தார். எழுந்து போய், அந்தப் பையனுடைய சட்டையில், பித்தான் மாற்றிப் போட்டிருந்த இடத்தில், ஒரு அம்பை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். முப்பது பெண்களும் சிரித்த சிரிப்பில் லைன் நின்றுவிட்டது. நான்கு ஜோடியும் டேபிளுக்குத் திரும்பி வந்தன. லாரி காத்திருந்தது.

ரோல் முடியும்போது அடியில் ஏழெட்டு அம்பு மிஞ்சும். அதைக் கம்பெனியில் தூக்கிப் போடுவார்கள். ஆபா பையில் போட்டுக்கொள்வார். அதனால் ஊரே அவருக்கு டேபிள்தான். கம்பெனி பஸ்ஸில் ஆணி நீட்டிக்கொண்டிருந்த சீட்டில் ஒன்று. அவர் வீட்டில் விரிசல் விட்ட டீ கிளாஸில் ஒன்று, நமக்குக் கொடுக்காமல் தனக்கென்று வைத்துக்கொள்வதற்கு. ஒரு நிக்காவில் மாப்பிள்ளையின் ஷெர்வானி ஓரம் பிரிந்திருந்தது. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் ஒட்டிவிட்டார். மாப்பிள்ளை மேடையில் அம்போடு உட்கார்ந்திருந்ததை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. சௌமியா சின்னவளாக இருந்தபோது வீட்டுப்பாடத்தை அவரிடம் காட்டுவாள். தப்புக் கணக்குக்கு நேராக அம்பு விழும். "சரியான விடை இன்னா ஆபா?" என்றால், "எனக்கு எப்டி தெரியும்? நான் ரெண்டாங்கிளாஸ். ஆனா இது தப்பு, முகத்துலயே தெரியுது" என்பார். அது எப்போதும் தப்பாகத்தான் இருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே வருஷம் வேலையை விட்டோம். ஏற்கெனவே பக்கத்துப் பக்கத்து வீடு. மொட்டை மாடிக்கு நடுவே இடுப்பளவு சுவர் மட்டும். எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப், பல வருஷமாக மூடிக் கிடக்கிறது. அதன் முற்றத்தில் வானளவு தூங்குமூஞ்சி மரம். அதில்தான் பருந்துக் கூடு. மாடியில் நின்றால் கூடு நம் தலைக்குக் கொஞ்சம் மேலே, தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரின் முகம் தெரிகிற தூரத்தில்.

எங்கள் ஊரில் பருந்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. கறிக்கடையிலிருந்து வரும்போது பையை மாராப்புக்குள் மறைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். தோல் ஷாப்புகள் இருக்கிற ஊர். வானத்தில் எப்போதும் பத்துப் பதினைந்து சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆபாவுக்கு மட்டும் டேபிள் போன பிறகு கண் சும்மா இருக்கவில்லை. ஏலகிரிக்கு உறவுக்காரர்களோடு போனபோது, குழந்தைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் பைனாகுலர் ஒன்று வாங்கி வந்தார். பச்சை நிறம், கழுத்தில் மாட்டக் கயிறு. அதில் இடது பக்கம் புகை படிந்தது போல் இருக்கும். அந்தப் பக்கக் கண்ணாடியில் ஒரு அம்பை ஒட்டிவிட்டு, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்.

பருந்தை அவர் சீல் என்பார். தை பிறந்ததும் ஜோடியாக வந்து குச்சி பொறுக்கும். பழைய கூட்டின்மேலேயே புதுக் குச்சி. நடுவில் மெத்தைக்குக் கந்தல், கயிறு, காகிதம். ஒரு நாள் காலையில், "அக்கா, ஓடி வாங்க!" என்று கூப்பாடு. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"கூட்டுல தொங்குது பாருங்க, பழுப்பு துணி. நம்ம கம்பெனி லைனிங்."

"ஊர்ல எவ்ளோ கம்பெனி. எப்டி சொல்றீங்க?"

"வெட்டு கோணலா இருக்குது இல்ல? நம்ம கட்டிங் செக்ஷன்தான்."

அப்புறம் ஒரு ஷூ நாடா வந்தது. நீலத் தோல் துண்டு ஒன்று வந்தது. ஒவ்வொன்றும் எந்தத் தரம் என்று ஆபா சொல்வார். "தையல் சுமார்தான். ஆனா காத்துக்குத் தாங்கும். பாஸ்."

மாசியில் பெட்டை அடைகாக்கும். பங்குனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இரண்டு தலை எட்டிப் பார்க்கும். ஆண் கொண்டு வரும். எலி, ஓணான், கறிக்கடைக் கழிவு, எதுவானாலும் கூட்டில் போட்டுவிட்டுப் போய்விடும். தாய் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிழித்துக் கிழித்து ஊட்டும். பெரியது தலையை நீட்டி வாங்கிக்கொள்ளும். சின்னது பின்னால் நிற்கும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

"இன்னா தாய் இது? சின்னதுக்கு ஒரு வாய் குடுத்தா இன்னா? நான் நாலு தட்டு வச்சா நாலு தட்டுலயும் சமமா வைப்பேன்."

"பெருசு வயிறு ரொம்பட்டும், தானா திரும்பும். அப்ப பாருங்க."

திரும்பியது. சின்னதுக்கும் கிடைத்தது. ஆனாலும் மறுநாள் நான் கோழிக் குடலை மாடியில் வைத்தேன். காக்கை வந்து தின்றுவிட்டு, கூட்டைச் சுற்றிக் கத்த ஆரம்பித்தது. தாய்ப்பருந்து அரை நாள் காக்கைகளை விரட்டிக்கொண்டே இருந்தது. ஆபா என் தட்டைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு அம்பு. "தொடாம பாக்க முடியாதா அக்கா உங்களால?" என்றார். முடியாது. ஏழு பிள்ளைகளைத் தொடாமலா வளர்த்தேன்?

இதெல்லாம் இரண்டு மூன்று வருஷம் நடந்தது. நான் சொல்ல வந்தது நான்கு வருஷத்துக்கு முன் வந்த சித்திரை. அந்த முறை ரம்ஜானும் சித்திரையும் சேர்ந்து வந்தன. குஞ்சுகள் இரண்டும் பெரிதாகி, உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக, கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகின. ஒரு விடியலில் பெருங்காற்று அடித்தது. மழை வரவில்லை. துணி எடுக்க மாடிக்குப் போனால், எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சின்னது நிற்கிறது. இறக்கை இரண்டும் தொங்க, வாயைத் திறந்துகொண்டு. சுவரில் மூன்று காக்கை.

நான் யோசிக்கவே இல்லை. பழைய புடவையைப் போட்டுச் சுருட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். கோழிக் கூடையைக் கவிழ்த்து உள்ளே விட்டேன். கோழிக்கறித் துண்டைக் காட்டினால் என் விரலைக் குறி வைக்கிறதே தவிர கறியைத் தொடவில்லை. தண்ணீரை மட்டும் இரண்டு சொட்டு விழுங்கியது. மத்தியானம் ஆயிற்று. தலை தொங்க ஆரம்பித்தது.

அப்போது எனக்கு ஒரு அறிவு வந்தது. ஆற்றோரம் ஒரு தோல் ஷாப் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலேதான் ஊர்ப் பருந்தெல்லாம் சுற்றும். அப்படியென்றால் அதுதான் இவற்றின் தீனி. வெயிலில் நடந்து போய், பின்வாசலில் வேலை செய்கிறவரிடம் ஒரு கை சவ்வு கேட்டேன். தோலின் உள்பக்கத்திலிருந்து வழித்து எடுப்பது, கொழகொழவென்று மிருதுவாக இருக்கும். பல்லில்லாத பிள்ளைக்குக் குழைத்த சோறு மாதிரி. கவரில் போட்டுக் கொடுத்தார். கூடையைத் தூக்கி, குஞ்சை மடியில் வைத்து, வாயை விரலால் திறந்து ஒரு துண்டை உள்ளே தள்ளினேன். விழுங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாம் துண்டை எடுக்கும்போது ஆபா உள்ளே வந்தார். கையில் எங்களுக்கு நோன்புக் கஞ்சி.

"யா அல்லா! இத தூக்கினே வந்துட்டீங்களா?"

"மாடில வுயுந்து கெடந்துச்சு. பாருங்க, எப்டி முழுங்குது."

ஆபாவின் மூக்கு சுருங்கியது. அடுத்து அவர் செய்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இடது கையில் கஞ்சிப் பாத்திரம் இருக்க, வலது கையால் என் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். சவ்வு சுவரில் போய் ஒட்டியது. கஞ்சி பாதி தரையில்.

"சுண்ணாம்பு, அக்கா! சுண்ணாம்புத் தொட்டில ஊறின சவ்வு! வாசன வர்ல உங்களுக்கு?"

வரவில்லை. அதுதான் உண்மை. என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் தோல் ஷாப்பில், மயிர் உதிரத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். அந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், பிள்ளைகளைத் தூக்குவார். எனக்கு அது வாசனையே இல்லை, வீடு. கவரை முகத்துக்கு நேராக வைத்தபோதும் என் மூக்குக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"பருந்து அங்கதான சுத்துது?" என்றேன்.

"சுத்துது. எந்தக் குவியல்ல எறங்குதுன்னு பாத்தீங்களா? பச்சத் தோல்கிட்டதான் எறங்கும். இது பக்கமே வராது." அப்புறம் மெதுவாக, "குஞ்சு ஒண்ணும் வுயுந்துடல அக்கா. பறக்கப் பழகறப்ப இப்டித்தான் எறங்கும். அம்மா மரத்துல நின்னு கத்திக்கினே இருக்குது காலைலேந்து. மேல கொண்டுபோய் வுடுங்க."

அவமானம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். குஞ்சு மடியில் துவண்டு கிடக்கிறது. என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"ஏழு பிள்ளைய வளத்து ஆளாக்குனவ நானு. நீங்க ஒண்ணாவது பெத்தீங்களா, வளத்தீங்களா? எனக்குச் சொல்ல வந்துட்டீங்க!"

ஆபாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார். மிச்சக் கஞ்சிப் பாத்திரத்தை அடுப்புத் திட்டில் வைத்தார். "ஆறிடும், குடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், என் வாசல் கதவில், கண்ணுக்கு நேராக, ஒரு சிவப்பு அம்பு. நுனி வீட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

நின்று பார்த்தேன். காட்டுவது அவர் வேலை. திருத்துவது என் வேலை. கூடையைத் தூக்கினேன். குஞ்சு தின்றதைக் கக்கியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஆனால் நான் கையை நீட்டியதும் வாயைத் திறந்து சீறியது. அந்தச் சீறலைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது.

மாடிக்குக் கொண்டு போய் தொட்டி மேடையில் விட்டு, நான்கு அடி பின்னால் வந்திருப்பேன். தலையில் சம்மட்டி மாதிரி ஒரு அடி. தாய்ப்பருந்து. கொண்டையில் கால் மாட்டிக்கொண்டு இரண்டு படபடப்பு. அடுத்த நொடி அது வானத்தில், அதன் காலில் என் சவுரி.

சவுரி வைத்துக் கொண்டை போடுவது எனக்கும் என் கண்ணாடிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஐம்பது வயதிலிருந்து காப்பாற்றி வந்தேன். அது இப்போது தூங்குமூஞ்சி மரத்தில், கூட்டுக்கு ஒரு கிளை கீழே, தெருவே பார்க்கத் தொங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆபா. பைனாகுலர் கண்ணில். முகத்தில் ஒரு அசைவில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது. நோன்பு வைத்துக்கொண்டு சிரிப்பை எவ்வளவு நேரம் அடக்க முடியும்? உட்கார்ந்துவிட்டார்.

"சிரிங்க," என்றேன். "நல்லா சிரிங்க."

"நான் ஒண்ணும் சொல்லல அக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தரம் நல்லாத்தான் இருக்குது."

ஆனால் அம்பு கதவிலேயே இருந்தது.

அன்று தாய் ஒரு ஓணானைக் கொண்டுவந்து தொட்டி மேடையில் போட்டது. குஞ்சு தலையைத் திருப்பிக்கொண்டது. தாய் நின்று பார்த்துவிட்டு, அதைத் தானே தின்றுவிட்டுப் போயிற்று. நான் குடையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம். ஆபா குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம். எனக்குக் கை துருதுருவென்றது. ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தால் என்ன? ஆபா என் பக்கம் திரும்பாமலே, "நக்கோ, அக்கா" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். உட்கார்ந்தேன். ஏழு பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்திருக்கிறது, அம்மை வந்திருக்கிறது. ஒரு நாளும் நான் சும்மா உட்கார்ந்ததில்லை. சும்மா உட்காருவது அவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் தெரிந்தது. என் கையால் போன துண்டு அது. குஞ்சு செத்தால் அந்த அம்பை யார் வந்து எடுப்பார்கள்?

சாயங்காலம் கஞ்சி வந்தது. ஆபாவேதான் கொண்டு வந்தார். கதவிலிருந்த அம்பை ஒரு பார்வை பார்த்தார். பாத்திரத்தைக் கொடுத்தார். போய்விட்டார். மறுநாளும் அப்படியே. கீரைக்காரி, "இன்னா ஆயா, கதவுல அம்பு?" என்று கேட்டாள். கணக்கெடுக்க வந்தவர்கள் ஒட்டியது என்றேன். நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் போய்விடும். இருபது வருஷத்துப் பழக்கம், விரல் கிட்டேகூடப் போகவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், தாய் எலி ஒன்றைக் கொண்டுவந்து கிழித்து நீட்டியது. குஞ்சு பார்த்தது. ஒரு எட்டு வைத்தது. வாங்கிக்கொண்டது. எனக்குக் குடை கையிலிருந்து விழுந்துவிட்டது. ஆபா ஒற்றைக் கண்ணால் பார்த்தபடியே, "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்று ஒவ்வொரு வாயையும் எண்ணினார். பதினொன்றுவரை போனது.

ஆறாம் நாள் காலையில், காற்றே இல்லாத நேரம். குஞ்சு மேடையின் ஓரத்துக்கு வந்தது. குனிந்தது. பின்வாங்கியது. மரத்திலிருந்து தாய் குதிரைக்குட்டி கனைப்பது மாதிரி விடாமல் கூப்பிட்டது. திரும்பவும் ஓரத்துக்கு வந்தது. எகிறிவிட்டது! சந்துக்கு மேலே ஒரு பள்ளம் இறங்கி, அடித்து அடித்து மேலே ஏறி, தூங்குமூஞ்சி மரத்துக் கிளையைப் பிடிக்கப் போய், கால் வழுக்கி, வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியது. நானும் ஆபாவும் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று கூவிய கூவலில் தெருவில் நான்கு கதவு திறந்தது. தொங்கினது ஒரு உதறு உதறி நேராக நின்றது. பக்கத்தில் என் சவுரி. அதை ஒரு கொத்து கொத்திப் பார்த்தது.

நான் மாடிப்படி இறங்கி வருவதற்குள் ஆபா என் வாசலில் நின்றார். சுண்டுவிரல் நகத்தால், கம்பெனியில் எடுப்பது போலவே, ஒரு மூலையிலிருந்து நெம்பி, கதவில் தடமில்லாமல் அம்பை உரித்தார்.

"ஆபா," என்றேன். "அன்னிக்கு நான் பேசினது..."

"அதுக்குத் தனியா ஒட்டல அக்கா. ஒரு ஷூவுக்கு ஒரு அம்பு போதும்."

எடுத்த அம்பைக் கசக்கிப் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. தன் இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டார்.

"இது எதுக்கு?"

"அன்னிக்கு காலைல, குஞ்சு உங்க மாடில எறங்கினத நான் பாத்தேன். நீங்க எழுந்து வருவீங்க, பாத்தா தூக்குவீங்கன்னும் தெரியும். அம்மாக்காரி கிட்டதான் இருக்குதேன்னு ஒண்ணும் சொல்லாம கீழ போய்ட்டேன். காட்டாம வுட்டது என் தப்பு. என் டேபிளத் தாண்டிப் போயிருக்குது." கையை என் முன்னால் நீட்டினார். "எடுங்க."

"நானா? ஒட்டினவங்கதான எடுக்கணும்?"

"உங்களுதும் எனதும் ஒரே அம்புதான அக்கா? எடுங்க. கை வலிக்குது."

இருபது வருஷம் அந்த லைனில் உட்கார்ந்தவள் நான். ஆயிரம் அம்பு எனக்கு வந்திருக்கும். ஒன்றைக்கூட என் கையால் எடுத்ததில்லை. அவர் செய்கிற மாதிரியே மூலையிலிருந்து நெம்பினேன். அவர் தோல் காகிதம் மாதிரி மெல்லிசாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்காமல் எடுத்தேன். அவர் மணிக்கட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பாஸ்," என்றார். அன்றிலிருந்துதான் ஏழே கால்.

சவுரி மழைக்காலம்வரை மரத்திலேயே தொங்கியது. காலையில் மாடிக்கு வரும்போதெல்லாம், "அக்கா, உங்க முடி நல்லா காயுது" என்பார். நான் அதற்குப் பிறகு சவுரி வைக்கவில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டதை இனி யாரிடம் மறைக்க?

இரண்டு வருஷம் கழித்து ஆபாவின் கண்ணில் புரை விழுந்தது. தம்பி மகள் ஓசூரிலிருந்து வந்து அழைத்துப் போனாள். போகும்போது பச்சை பைனாகுலரையும் பாதி ரோலையும் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போனார். கையில் கொடுத்தால் நான் அழுவேன் என்று தெரியும். போனில் பேசுவோம். "கூட்டுல இன்னா புதுசு?" என்பதுதான் முதல் கேள்வி. நான் சொல்லச் சொல்ல, அங்கிருந்தே தரம் பிரிப்பார். போன பங்குனியில், ரம்ஜான் பெருநாளுக்கு முன்னால், அங்கேயே கண்ணை மூடி மவுத் ஆகிவிட்டார். போனில் சொன்ன தம்பி மகள், "கடைசியா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க, இந்த வருஷம் எத்தன குஞ்சுன்னு" என்றாள். மூன்று என்று சொன்னேன். முன்பு எப்போதும் இரண்டைத் தாண்டியதில்லை.

இந்தத் தையிலும் ஜோடி வந்திருக்கிறது. பச்சை பைனாகுலரில், வலது கண்ணால்தான் பார்க்கிறேன். இன்று காலையில் ஒன்று நீல நிறத்தில் எதையோ கவ்விக்கொண்டு போயிற்று. தோலா, பிளாஸ்டிக்கா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன். நாளைக்கு மூன்றாம் தடவை பார்ப்பேன்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். விரல் வலிக்கிறது.

சௌமியா, இங்க வா. அந்த போன கீழ வச்சிட்டு வா. இந்த நோட்ட முதல்லேந்து படி, எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா படி. தப்பு இருக்கும், இல்லாம இருக்காது. இந்தா ரோலு. எங்க தப்போ அங்க ஒண்ணு ஒட்டு. பேனாவ எடுக்காத. திருத்தறது நானு.